கல் எடுத்த பள்ளத்துக் கட்லா

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குப் போகலாமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் முறைப்பதைக் கோபம் என்று நினைக்கிறீர்கள். கோபம் இல்லை, பயம். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அங்கே பெரிய மீன் இருப்பது உண்மைதான். நம் ஊர் ஏரி கோடையில் வற்றிவிடும். ஊரே இறங்கிச் சேற்றைத் துழாவிக் குஞ்சு வரைக்கும் அள்ளிவிடும். ஏரி மீனுக்கு ஆயுசு, ஒரு மழையிலிருந்து அடுத்த வெயில் வரைக்கும்தான். அரியலூர்ப் பக்கம் கல் எடுத்துவிட்டுப் போன பள்ளம் எந்த வெயிலுக்கும் வற்றாது. அடியில் பாறை துருத்திக்கொண்டிருப்பதால் வலையும் போட முடியாது. என்றோ ஏரி வழிந்தபோது போய் விழுந்த கட்லாக் குஞ்சுகள் சாகாமல் கிடந்து வருஷக்கணக்கில் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே கரை என்று ஒன்று கிடையாது. வெட்டிய சுவர், அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

உங்கள் அம்மாவின் தம்பி ஒரு நாள் அங்கே ஒரு கட்லா புரண்டதைப் பார்த்துவிட்டு வந்தார். "மச்சான், கன்னுக்குட்டி கணக்கா இருக்கு. வாங்க, போயிட்டு வந்துடுவோம்" என்றார். போனோம்.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போடும்போது, தூண்டிலின் நைலான் நரம்பு முனையை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வது நம் பக்கத்து வழக்கம். இரை கோக்க இரண்டு கையும் சும்மா இருக்கும். தண்ணீரை ஒட்டிய பாறைப்படியில் நின்றுகொண்டு மாமா அங்கேயும் அப்படியே முடிந்தார். ஏரி மீன் ஆளை இழுக்காது. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

தவிட்டு உருண்டையை விழுங்கிய மீன் நேரே கீழே போனது. சுண்ணாம்புச் சேறு சோப்பு மாதிரி வழுக்க, மாமா தண்ணீருக்குள் போய்விட்டார். தலை வெளியே வந்ததும் நான் குப்புறப் படுத்துத் துண்டை வீசினேன். பிடித்துக்கொண்டார்.

"கீழ இழுக்குது மச்சான், வுட்டுடாதீங்க!"

"வுடமாட்டேன். முடிச்ச அவுரு மாப்ள!"

"இறுகிப்போச்சு, அவுர மாட்டேங்குது!"

துண்டு கிழியும் சத்தம் கேட்டது. என் மார்பும் பாறையில் வழுக்க ஆரம்பித்தது. விட்டால் நானாவது பிழைப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. தண்ணீரைவிட அந்த நினைப்புக்குத்தான் அதிகம் பயந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்தார். தழை அறுக்கும் தொரட்டிக் கோலைத் தண்ணீருக்குள் விட்டார். "அசையாத சாமி, வயித்தக் கிழிச்சுப்புடும்" என்று சொல்லிக்கொண்டே துழாவி, நரம்பை மாட்டி வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது. பிறகு அந்தக் கோலையே மாமா பிடித்துக்கொள்ள, இருவருமாக மேலே இழுத்துப் போட்டோம்.

"நீங்க மீன் புடிக்க வந்தீங்களா, மீனு உங்கள புடிக்க வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா ஆடுகளிடம் போனார்.

மாமா குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். இடுப்பில் கயிறு அறுத்த கோட்டில் ரத்தம் கசிந்தது. அப்படியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "எவ்ளோ பெருசு பாத்தீங்களா மச்சான்!"

உங்களிடமும் அவர் மீனை மட்டுமே சொல்லியிருக்கிறார். தொரட்டியைச் சொல்லவில்லை, துண்டு கிழிந்ததைச் சொல்லவில்லை. நீங்களும் கண்களை விரித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள்.

நேற்றுக் காலை, நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் அங்கே போனேன். சீமைக்கருவேல முள்ளை வெட்டி, அந்தப் பாறைப்படிக்கு இறங்கும் ஒற்றையடித் தடத்தில் என் நெஞ்சு உயரத்துக்கு அடைத்தேன். உள்ளே நுழைய முடிகிறதா என்று உங்கள் உயரத்துக்குக் குனிந்தும் பார்த்தேன். ஓரிடத்தில் சந்து தெரிந்தது. இன்னொரு கிளையை வெட்டி அதில் சொருகினேன்.