கோட்டைக் குதிரைக்காரர்

எண்பதுகளின் நடுவில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் மின்சார ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். கம்பெனி பஸ் காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். ஸ்விட்ச் பூட்டும் லைனில் உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. அதனால் எங்கள் பேச்சு முழுக்க பஸ்ஸில்தான்.

லைனில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி பெங்களூர்ப் பெண். இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிக்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் பாதி கன்னடம் பாதி தமிழில் எனக்குக் கதை சொல்வாள். எல்லாம் ஒரே கதைதான். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி ஏதோ ஒரு கல்லைத் தொடுவாள், இருநூறு வருஷம் பின்னால் போய் விழுவாள். அங்கே ஒரு சீமான் இருப்பார். கையுறை, மாளிகை, குதிரை எல்லாம் உண்டு. முதலில் உர்ரென்று இருப்பார், பத்துப் பக்கம் போனால் உருகிவிடுவார்.

எனக்குச் சிரிப்பு வரும். இருநூறு வருஷம் பின்னால் போக இவ்வளவு பாடு எதற்கு? கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் நடந்தால் நான் தினமும் போய்ச் சேர்ந்துவிடுகிறேனே. கம்பெனியில் நீலக் கோட்டு, மிஷின், சொந்தமாக ஒரு டோக்கன் நம்பர். வீட்டில் நான் தாய்மாமனுக்கு உரியவள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அம்மாவின் தம்பிக்குத்தான் முதல் உரிமை. நான் வயதுக்கு வருவதற்கு முன்பே அம்மா தன் கடைசித் தம்பிக்கு என்னைப் பேசி முடித்துவிட்டாள்.

மாமா மத்தூர்ப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆள். அதுதான் பெரிய இடைஞ்சல். கெட்டவன் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், நல்லவரை என்ன சொல்லித் தட்டுவது? எனக்கு மத்தூர் வேண்டாம். கம்பெனி பஸ் மத்தூருக்கு வராது. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். வேலை போனால் எனக்கென்று இந்த உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பஸ்ஸில் ஒரு கதையைத் தொடங்கினேன். வெள்ளைக்காரன் மாளிகைதான் வேண்டுமா? இதோ ஜன்னலுக்கு வெளியே மலைமேல் நம்ம கோட்டை நிற்கிறதே! ஸ்விட்ச் கம்பெனிப் பெண் ஒருத்தி அந்த மலையில் ஏறுகிறாள், இடிந்த சுவரில் கை வைக்கிறாள், அந்தக் காலத்துக்குப் போய்விடுகிறாள். எதிரே குதிரைமேல் கோட்டைக் காவலின் தலைவர். “நீ யார், எந்தப் பாளையத்து உளவாளி?” என்று வாளை உருவுகிறார். இவள் நீலக் கோட்டுப் பையிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டுகிறாள்.

பஸ்ஸே சிரித்தது. அதன்பின் என்னை விடவில்லை. கதை கேட்டார்கள் என்பதைவிட, கேள்வி கேட்டார்கள் என்பதுதான் சரி.

“ஏமக்கா, அவரு தெலுங்குதான பேசுவாரு?” என்றாள் ஒருத்தி.

“ஏன், கன்னடம் பேசினா ஆகாதா?” என்றாள் இன்னொருத்தி.

தமிழையும் சேர்த்து மூன்றும் பேசுவார் என்று தீர்ப்பு சொன்னேன். நாம் பேசவில்லையா?

“அவ அங்கியே இருந்துட்டா அட்டென்டன்ஸ் என்னாவறது?” என்று ஓர் அக்கா நிஜமாகவே கவலைப்பட்டாள். என்ன ஜாதி என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரவர் மனசுக்குள் அவரவர் ஜாதியில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

நானும் கொஞ்சம் அவர்மேல் ஆசைப்பட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் தலைவர் கதைப் பெண்ணைப் பார்த்து, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் எந்த ஆணும் கேட்டதில்லை, பெண்ணும் கேட்டதில்லை. அதைச் சொன்னபோது நானே அழுதுவிட்டேன். பஸ்ஸில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வினை அந்த வாரமே வந்தது. எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறும் ஒருத்தி, வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, நான் பஸ்ஸில் அழுதது முதற்கொண்டு நாத்தனாரிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள். “இன்னிக்கி அவளக் குதிரையில ஏத்திக்கினு கோட்டைக்கிப் பின்னால போயிட்டாரு” என்று சொன்னது உள்ளே படுத்திருந்த மாமியார் காதில் விழுந்தது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அந்த அம்மாள் என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். கம்பெனிப் பெண், கோட்டைப் பக்கம், குதிரை. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கிருஷ்ணகிரியில் ஒரே விடைதான். பஸ் ஸ்டாண்டு அருகே குதிரைகளை நிறுத்திக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கும் ஜட்கா வண்டிக்காரர்களில் ஒருவன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“எந்த ஜட்காக்காரன்டி?”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம், அடி விழுந்தது. அது கதை, அவர் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள், நானே இட்டுக்கட்டியது என்று எவ்வளவோ சொன்னேன்.

“இல்லாத ஆளச் சொல்லி எதுக்குடி பஸ்ஸுல அழுவற?” என்று அம்மா கேட்டாள்.

மறுநாளிலிருந்து கம்பெனிக்குப் போகக் கூடாது என்றாகிவிட்டது. பஸ் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடிப்பது கேட்கும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் அடித்தார்கள், பிறகு அதையும் விட்டார்கள்.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். “நெசமாவே ஒருத்தன் இருக்கானா கண்ணு?” என்றார்.

அந்த நொடியில் எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இல்லை என்றால் இந்த மாசமே தாலி. இருக்கிறான் என்றால் இவர் ரோஷப்பட்டு எழுந்து போய்விடுவார். வேறு பெண் பார்ப்பார். அம்மா நாலு மாசம் அழுது ஓய்ந்த பிறகு நான் மறுபடியும் பஸ் ஏறலாம்.

“இருக்காரு மாமா” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

மாமா எழுந்து போகவில்லை.

“நல்ல ஆளா இருந்தா நானே முன்ன நின்னு கட்டி வெக்கறேன். அக்காகிட்ட நான் பேசிக்கறேன். எங்க இருப்பான்னு மட்டும் சொல்லு.”

ஐயோ, இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே இருப்பார் என்று சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

தோப்பு வேலையைப் போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு அலைந்தார். ஜட்கா ஸ்டாண்டில் ஒவ்வொருவரிடமும் டீ வாங்கிக் கொடுத்துப் பக்குவமாக விசாரித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, சவாரி கிடைக்கவில்லையென்று எவனோ ஒரு வண்டிக்காரன் குதிரையை விற்றுவிட்டுக் கோலார்ப் பக்கம் போயிருக்கிறான். இளவயசு, பார்க்க லட்சணமாக இருப்பானாம். மாமாவுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“அவன் போயிட்டான் கண்ணு. இனிமே வரமாட்டான். மனச வுட்றாத” என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “அவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நான் கட்டிக்கறேன்” என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே அவரைக் கொண்டாடியது. இப்படி ஒரு மனுஷன் உண்டா என்றார்கள். நான் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் எடுபடாது. உண்மையைச் சொன்னால் ஓடிப்போனவனைக் காப்பாற்றுகிறேன் என்பார்கள். மாட்டேன் என்றால் இன்னும் அவன் நினைப்பிலேயே இருக்கிறாள் என்பார்கள். அந்த வைகாசியில் மத்தூருக்குப் போனேன்.

அவரைப் போல ஒரு புருஷன் கிடைக்க மாட்டான் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மன்னிக்கப்பட்டே வாழ்வது எப்படியிருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? நான் ஜன்னலருகே சும்மா நின்றால் என்னைத் தொந்தரவு செய்யாமல் நகர்ந்து போவார். கிருஷ்ணகிரிக்குப் போனால் ஜட்கா ஸ்டாண்டு என் கண்ணில் படாதபடி எனக்கும் அதற்கும் நடுவில் நடப்பார். ஒருமுறை கொட்டும் மழை, இடுப்பில் காய்ச்சலோடு பிள்ளை. பக்கத்திலேயே ஜட்கா நிற்கிறது. ஏறவில்லை. தன் துண்டால் பிள்ளையை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை நடந்தார். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதாம்.

உண்மையை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன், சிரித்துக்கொண்டு சொன்னேன், பிள்ளை தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் “அத எதுக்கு இப்ப பேசற? நான் கேட்டனா?” என்பார். அந்தத் தன்மையான குரலைக் கேட்டால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது. அந்த அன்பைச் சொன்னாலும் அதை நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டார்.

வருஷங்கள் போயின. கிருஷ்ணகிரியில் ஆட்டோக்கள் பெருகி, ஜட்கா ஸ்டாண்டு இல்லாமல் போனது. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் களத்தில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் பிரித்துக்கொண்டிருந்தோம். அவராகவே கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனைப் பற்றிக் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

“அவன்... எங்கனா இருக்கானா? சேதி எதுனா வந்துதா?”

எனக்கு அலுத்துவிட்டது. இனிமேலும் இல்லை இல்லை என்று கத்த உடம்பில் தெம்பில்லை.

“செத்துட்டாரு” என்றேன்.

“எப்ப?”

“ரொம்ப வருஷமாச்சு.”

நான் சொன்னதில் அவர் நம்பிய முதல் உண்மை அதுதான். கையிலிருந்த மாங்காயைக் கீழே வைத்தார். எழுந்து போய் வெந்நீர் அடுப்பில் விறகை வைத்துப் பற்றவைத்தார். அண்டாவை நிரப்பினார். கொடியிலிருந்து என் மாற்றுச் சேலையை எடுத்துவந்து குளியலறைக் கதவில் போட்டார்.

“போ கண்ணு, தலைக்கி ஊத்திக்க. எத்தன வருஷமானாலும் சாவு சேதி கேட்டா ஊத்திக்கணும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் செம்பைத் தலையில் ஊற்றியதும் அழுகை வெடித்தது. யாரும் என்னை எதற்கு அழுகிறாய் என்று கேட்க முடியாத ஒரே இடம் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. குரலை அடக்காமல், ஒப்பாரி மாதிரி, பிள்ளைக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னொரு கொடம் காய வெக்கட்டுமா?” என்று கேட்டார்.

“வைங்க மாமா” என்றேன்.