போய்ச் சேராத ரிப்போர்ட்

போன வருஷம், டெங்கு பரவிக்கொண்டிருந்த மழைக்காலம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட நான் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். அதுவரை என் சொந்த மின்னஞ்சலில்தான் டொக்டர்மாருக்கு ரிப்போர்ட் அனுப்பி வந்தேன். நிலையத்தின் பெயரிலேயே முகவரி இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று பலரும் சொன்னதால், புதிய இணைய இணைப்பு, ரவுட்டர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்தேன்.

ஒரு நாள் காலை இணைப்பு நிறுவனத்து ஆட்கள் வந்து ரவுட்டரைச் சுவரில் மாட்டி, மின்னஞ்சலையும் திறந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் தொல்லை தொடங்கியது. பிரின்டர் பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் விளக்கு பச்சையாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். கதிரைகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஊசியும் கையுமாக அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் என்று அல்லாடினேன்.

அந்தக் கூட்டத்தில் அலவத்துகொடையிலிருந்து ஒரு தாய், பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டி வந்திருந்தார். சில நாட்களாகக் காய்ச்சல்; டொக்டர் ஒருவர் இரத்தம் சோதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இரத்தம் எடுத்துக்கொண்டு, டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார் என்று சொல்லி அனுப்பினேன். சோதித்துப் பார்த்தால் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. உடனே புதிய முகவரியிலிருந்து டொக்டருக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். போய்விட்டது என்று கணினி காட்டியது.

இப்படி ஒரு ரிப்போர்ட் போனால் அந்த டொக்டர் உடனே என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்பார். அன்று அழைக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று பகல்வரை விட்டுவிட்டேன். பிறகு கைபேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஏதோ தோன்றி, என் கணவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். வரவில்லை என்றார். விளம்பரக் குப்பையெல்லாம் விழும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதற்குள் கிடந்தது.

டொக்டருக்கு அனுப்பியதும் அப்படித்தான் கிடக்கும் என்று புரிந்தது. டொக்டரின் கைபேசி வேலை செய்யவில்லை. தாயை அழைத்தேன்.

“காய்ச்சல் விட்டுட்டுது மிஸ். புள்ள நல்லாத் தூங்குது. டொக்டரும் கோல் பண்ணல்ல, அப்ப பயமில்லண்டு நெனச்சன்” என்றார்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதைச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். தன் கணவர் வெளியூரில், மழையும் விடவில்லை, விடிந்ததும் போகிறோம் என்று அவர் தயங்கினார். என்னால் உட்கார முடியவில்லை. காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவை இழுத்துப் பூட்டினேன். தாயிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு அலவத்துகொடைக்கு ஒரு த்ரீவீலைப் பிடித்தேன்.

வழியில், அக்குறணையில் வீதி நிறையத் தண்ணீர். வாகனங்கள் நகரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சாரதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே வண்டியைத் திருப்பி, மேட்டுப் பக்கமாகப் போகும் ஒரு குறுகிய பாதையில் ஏற்றினார்.

வீட்டுக்குப் போனபோது பிள்ளை விழித்திருந்தது. வயிறு வலிக்கிறது என்றது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

“ஒண்ணும் எடுத்து வைக்க வேணாம். புள்ளையத் தூக்கிட்டு வாங்க, போவோம்” என்றேன்.

திரும்பி வரும் வழியில், மகளை மடியில் கிடத்திக்கொண்டு அந்தத் தாய் மெதுவாகக் கேட்டார்: “டொக்டர் ஏன் கோல் பண்ணல்ல மிஸ்?”

“ரிப்போர்ட் அவர் கண்ணுலயே படல. நான் போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மழையில் நனைந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை விடவில்லை.

பிள்ளையை உடனே வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். நான் வெளியே வந்தபோது அந்தச் சாரதி இன்னும் போகாமல் நின்றிருந்தார். பிள்ளை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

மின்னஞ்சல் அமைப்பில் ஒரு வேலை முடியாமல் விடப்பட்டிருந்ததாம்; அதனால் பெறுபவர்களின் பெட்டிகள் எங்கள் முகவரியைச் சந்தேகப்பட்டு ஒதுக்கியிருக்கின்றன. பிறகு அதே ஆட்கள் வந்து சரிசெய்தார்கள். பிள்ளையும் சுகமாகி வீடு திரும்பியது. ஆனால் அன்று தாயும் டொக்டரும் நானும், ஆளுக்கொரு பக்கம் எதுவும் கேள்விப்படாததையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு இருந்தோமே, அதை நான் மறக்கவில்லை. எந்த ரிப்போர்ட்டை அனுப்பினாலும், “பார்த்தேன்” என்று ஒரு மனிதக் குரல் சொல்லும்வரை என் மனம் அடங்குவதில்லை.