கூடுதலாக வைத்த ஒரு பேப்பர்

துளசிங்கத்துக்கு இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. ஆனாலும் திருத்தணி தாலுகா ஆபீஸில் அவர் ஏறாத படி கிடையாது. மூன்று சக்கர ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாரென்றால், கால் கை முடியாத யாருக்காவது உதவித்தொகையோ வண்டியோ வாங்காமல் திரும்ப மாட்டார். அவர்களிடம் காசு வாங்க மாட்டார். எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் உயிரைத்தான் வாங்குவார்.

ஒருநாள் நகுலேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இலங்கையில் சண்டை முடிகிற சமயத்தில் ஷெல் விழுந்து மனைவியையும் முட்டிக்குக் கீழே இரண்டு கால்களையும் பறிகொடுத்தவர். மூன்று வயது மகள் யாழினியை அவளுடைய சித்தி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இவர் படகேறி வந்து, அகதி என்று பதிவு செய்துகொண்டு, முருகன் இருக்கிற ஊராச்சே என்று இங்கேயே தங்கிவிட்டார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை. மிக்ஸி ரிப்பேர் செய்து பிழைப்பு. அறையைவிட்டு வெளியே வர வேண்டுமென்றால் தரையில் கையூன்றித்தான் நகர வேண்டும்.

வண்டிக்கு மனு போட வேண்டும். அகதி என்றால் அதற்குத் தனி வழி, நாளாகும். துளசிங்கத்துக்குப் பொறுமை ஏது?

"புவனா, அப்பா பேரு எல்லப்பன்னு போடு. என் தம்பி. ரெண்டு பேருக்கும் காலுதான் இல்ல, அப்பனாவது ஒண்ணா இருக்கட்டும்."

எல்லப்பன் துளசிங்கத்தின் அப்பா. நான் சிரித்துக்கொண்டே டைப் அடித்தேன். துளசிங்கத்தின் தம்பி என்று மாற்றுத்திறனாளி அட்டை வந்தது, வண்டியும் வந்தது. முதல் நாள் நகுலேஸ்வரன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே ஓட்டிப்போய் டீ குடித்துவிட்டு வந்து, அந்த டீயைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்.

போன வருஷம் யாழினி போன் செய்தாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. போரில் ஊனமான அப்பாவைத் தன்னோடு அடைக்கலமாகச் சேர்த்துக்கொள்ள அந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது என்றாள். விண்ணப்பத்தை என் கடையில்தான் நிரப்பினோம். ஊனத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டே போதும்தான். ஆனால் நம் ஊர் ஆபீஸ்களில் ஒரு பேப்பர் குறைந்தால்தான் வம்பு, கூடினால் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் விடுமா? அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து நானே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அகதிப் பதிவில் அப்பா பெயர் கனகரத்தினம், அட்டையில் எல்லப்பன். ஆகவே இவர் இந்தியர், இவருக்கு அடைக்கலம் தேவையில்லை. பொய்த் தகவல் கொடுத்ததால் பத்து வருஷம் மறுபடி கேட்கவும் முடியாது. நான்தான் படித்துச் சொன்னேன். நகுலேஸ்வரன் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, என்ன செய்யிறது" என்றார்.

துளசிங்கம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். வக்கீல் விஜயராகவன் தடுத்தார்.

"நீங்க ஒத்துக்கினா போலி அட்டைனு மொதல் கேஸு அவர் மேலதாங்க விழும். ஜெயில்ல போட்டு அப்புறம் இலங்கைக்கே அனுப்பிட்டாங்கன்னா?"

துளசிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகளிடம் பேச நகுலேஸ்வரனுக்குத் தெம்பில்லை. துளசிங்கம்தான் என் கடையிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"நான்தாம்மா பண்ணேன். எல்லாம் நான்தான். திட்டும்மா, வாய்க்கு வந்தபடி திட்டு."

யாழினி திட்டவில்லை.

"குளிருக்கு அப்பாவுக்குக் கால் நோகும். சுடுதண்ணியில ஒத்தடம் குடுங்கோ, பெரியப்பா. அவர் இஞ்ச வந்தா நானே பாப்பன் எண்டுதான் நினைச்சனான்."

அவ்வளவுதான். போன் வைத்தாயிற்று. துளசிங்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த அட்டையை எடுத்து மேலே வைத்த கை யாருடையது என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.