குரலை மட்டும் எடுத்துக்கொண்டவன்

"திருடிட்டுப் போயிட்டான்னு சொல்லாதே, மெஹர்பானு. எதைத் திருடுனான்? மைக்கைத் தூக்கிட்டுப் போனானா? ஒரு ஒயரைச் சுருட்டுனானா?"

"சோறு போட்ட கடைக்கு இப்படியா செய்யுறது லாத்தா? செய்கு அலாவுதீன் காக்கா விசா எடுத்துக் கூட்டியாந்தாங்க. அவங்களையே ஊரு சிரிக்க வச்சிட்டான்."

"சிரிக்க வச்சான். அதை நான் இல்லைங்கல. திருடன்னு மட்டும் சொல்லாதே."

பர் துபாயில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் நின்றுகொண்டு இப்படிச் சண்டை. மெஹர்பானு அடுத்த ஃபிளாட்காரி, என்னை அக்கா முறையில் லாத்தா என்பாள். கெட்டவள் இல்லை, காதில் விழுந்ததையெல்லாம் நம்பிவிடுகிறவள். சாதிக் பாட்ஷா என் தம்பி மகன். எங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தவன். அவன் கதையை ஊர் சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பது நல்லது.

கீழக்கரையிலிருந்து இரண்டாயிரத்து ஒன்றில் வந்தான். மீனா பஜார் சந்தில், எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் செய்கு அலாவுதீனின் கேசட் கடையில் விற்பனைக்கு நின்றான். கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைப் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ ஆக்கியது அவன்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினான், மேலே தொழிலாளர் கேம்பில் கொடுக்கும் கம்பளியைத் தொங்கவிட்டான். ஏசி ஓடினால் அந்த இரைச்சலும் பாட்டில் விழுந்துவிடும் என்று, மைக் திறந்ததும் ஏசியை அணைத்துவிடுவான். ஜூலை மாதத்தில் அந்த அடைத்த அறைக்குள் நின்று பாடிவிட்டு, குளித்தவனைப் போல வெளியே வருவான். முதலாளி முன்கடையில் ஏசிக் காற்றில் சுலைமானி டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பாட்டு வந்த விதம் சொல்கிறேன். ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிற ஜமைக்காக்காரர் ஒருவர் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தார். சாதிக் அதைச் சரி செய்துகொடுத்தான். அவர் ரெக்கே என்று ஒரு தாளத்தைக் காட்டிக்கொடுத்தார். அடி விழும் என்று நாம் நினைக்கிற இடத்தில் விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். முதலில் கேட்டபோது, யாரோ நொண்டி நொண்டி நடப்பது மாதிரி இருக்கிறதே என்றேன். இவன் அதில் தமிழ்ப் பாட்டு கட்டினான். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்தை போனில் கேட்டவனுக்கு ஒரு பாட்டு. கட்டட வேலை சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறவனுக்கு ஒன்று. எழுதியது, பாடியது, பதிந்தது எல்லாம் அவனே. நம் ஆட்களில் இந்தத் தாளத்தில் பாடியவர் வேறு யாரையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

டிஸ்க் வெளியே வந்தது. அட்டையில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தது கௌஸ் முகைதீன், முதலாளியின் மருமகன். பாடகர் என்று அவன் பேர் போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, மெஹர்பானு மகள்தான் படித்துச் சொன்னாள். அல் கூஸ் தொழிலாளர் கேம்புகளில் ரூமுக்கு ரூம் அந்தப் பாட்டு ஓடியது. மருமகன் விழா மேடைகளில் டிஸ்க்கை ஓடவிட்டு வாயசைத்தான், சால்வை வாங்கினான்.

சாதிக் ஒரு வருஷம் பொறுத்தான். இரண்டாவது டிஸ்க்குக்குப் பாடி முடித்த பிறகு கேட்டான்.

"காக்கா, இதுலயாவது என் பேரைப் போடுங்க."

"உன் பேரா? யாருடா உன் குரலைக் கேக்குறான்? தாளத்துக்குத்தான் ஆடுறான் எல்லாரும். உன் இடத்துல ஒரு ஆடு கத்துனாலும் டிஸ்க் போகும்."

கடை நிறைய ஆள் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அதை என்னிடம் வந்து சொல்லும்போது அழவில்லை, சாப்பிடவும் இல்லை. "தாளம்தானே வேணும், கொடுக்குறேன் மாமி" என்றான்.

கம்ப்யூட்டரில் டிரம் தனி, கிட்டார் தனி, குரல் தனியாக இருக்குமாம். பட்டப்பகலில், முதலாளி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து "யல்லா, ஜல்தி, பெருநாளைக்கு டிஸ்க் வரணும்" என்று விரட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு பாட்டாகத் தன் குரலை அழித்தான். வேறு எதையும் தொடவில்லை. அவர் என்றைக்கும் பாட்டை முழுதாகக் கேட்கிறவர் இல்லை. தொடக்க இசை கொஞ்சம் ஓடியதும் "ஜோர், கலாஸ், முடிஞ்சது" என்று டிஸ்க் காப்பி எடுக்க அனுப்பிவிடுவார். அன்றும் அப்படியே அனுப்பினார்.

பழி வாங்கினான் என்கிறார்கள். ஆமாம், வாங்கினான். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சோறு வைத்தேன் அவனுக்கு.

பெருநாளன்று அல் கூஸில் டிஸ்க்கைப் போட்டவர்கள் பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. தாளம் மட்டும் ஓடியது. சும்மா இருப்பார்களா அந்தப் பிள்ளைகள்? அவரவர் வாய்க்கு வந்ததைப் பாட ஆரம்பித்தார்கள். "படம் போட்ட மருமகனே, பாட்டை எங்கே வச்சே" என்று ஒருவன் எடுத்துக்கொடுக்க, கேம்பே பாடியது. மறுநாள் கௌஸ் முகைதீன் மேடை ஏறியதும் கூட்டம் அதையே பாடி அவனை இறக்கியது.

அதற்கடுத்த நாள் சாதிக்குக்கு மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். மருமகன் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். முதலாளியின் குரல் தணிந்திருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அட்டையில சின்னதா உன் பேரைப் போடுறேன். உள்ளே போய் மறுபடி பாடு. மெஷின் கோளாறுன்னு எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு."

"பேரு வேணாம் காக்கா. கௌஸ் மச்சான் அல் கூஸுக்கு வரட்டும். முன்னே பாடுனதும் அவர் இல்ல, நான்னு கேம்ப் ஆளுங்க முன்னாடி நின்னு சொல்லட்டும். சொன்ன அன்னிக்குப் பாடுறேன்."

"பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு, மறந்துட்டியா? விசாவை கேன்சல் பண்ணிடுவேன். அப்புறம் இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது."

"பண்ணுங்க. ஆட்டைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்க."

மருமகன் வாய் திறப்பானா என்று சாதிக் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தலையை இன்னும் குனிந்துகொண்டான். சாதிக் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ வாப்பா" என்றேன்.

"இவங்க வாசல்ல வேணாம் மாமி."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தான். நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, முதலாளிக்கு சலாம்கூடச் சொல்லாமல், அவன் பின்னாலேயே போனேன்.