பஸ் இறங்கினால் முதல் வீடு

என் கனவில் மனிதர்கள் வருவதில்லை, தெருக்கள்தான் வரும். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த நேர் தெரு, தாரின் மேல் உதிர்ந்த மஞ்சள் பூ, எங்கோ போகிற ஒரு சைக்கிளின் சத்தம். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தெருவிலேயே கிடப்பேன்.

அது நெய்வேலி நகரியத்துத் தெரு. அம்மா அங்கே காண்ட்ராக்டில் தெரு கூட்டினாள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை விளையாடச் சேர்க்குமுன் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “நீ எந்த பிளாக்?” எங்கள் ஊரில் “எந்தத் தெரு?” என்று கேட்பதற்கு வேறு அர்த்தம். காலனி என்று பதில் சொன்னதும் கேட்டவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். அம்மா கூட்டிய பிளாக்கின் எண்ணையே என் பிளாக் என்று சொல்லிவிட்டு விளையாடினேன். அடடா, என்ன சுகம் அது! எண்ணில் சாதி ஒட்டாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

வளர்ந்து, படித்து, மனை பிரித்து வரைபடம் போடும் வேலைக்கு வந்தேன். எங்கள் ஊர் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது, மாற்றாகக் கொடுத்த புது இடத்தில் அதே ஊருக்கு லேஅவுட் போடும் வேலை என் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஊர், காலனி என்ற பிரிவே இல்லாமல், மனைகளுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி எல்லோரையும் கலந்துவிடுவது. இதுதான் என் திட்டம். வரைய வரைய மஞ்சள் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

அதைப் பார்க்க ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். காலனிப் பக்கம் எட்டியே பார்க்காத மனிதர். என் முகம் அவருக்கு எப்படித் தெரியும்?

“எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். காலனிக்காரங்களுக்கு மட்டும் கெழக்கால ஓரமா ஒதுக்கிடுங்க, பழைய ஊருல இருந்த மாதிரியே. அவுங்களுக்கும் அதான் பழக்கம்.”

எனக்குச் சுருக்கென்றது. “பார்க்கலாங்க” என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

சாயங்காலம் அம்மாவிடம் போய்க் கத்தினேன். “கலந்துதான் போடப் போறேன். எவன் வந்து தடுக்கறான்னு பாக்கறேன்!”

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “கலந்துட்டு? எனக்கு அந்தாண்ட ஒரு வூடு, என் தங்கச்சிக்கு இந்தாண்ட ஒரு வூடா? காய்ச்சல்ல கெடந்தா செவுத்தத் தட்டுனதும் ஓடியாரது அவதான்டி. ஒன் நம்பரு வந்து கஞ்சி காய்ச்சி ஊத்துமா?”

“அப்ப கடைசியிலயே கெடக்கப் போறியா?”

“அத எவ சொன்னா? கடைசியில கெடந்ததெல்லாம் போதும். சாமி ஊர்வலம்கூட நம்ம முக்கு வராம திரும்பிக்கினு போயிடும். பஸ்ஸ வுட்டு எறங்குனா மொத வூடு நம்ம வூடா இருக்கணும். அப்டி ஒரு ஊரு போடு, பாப்பம்.”

நான் கனவில் நடந்த தெருவைக் காலமெல்லாம் கூட்டியவள் அவள். அவளுக்கு அந்தக் கனவு வரவே இல்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் வரைபடத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே ஏரிக்கரை மரங்களின் அழகில் மயங்கி ஊரின் நுழைவை அங்கே வைத்திருந்தேன். பஸ் போகும் பண்ருட்டிச் சாலையோ கிழக்கே. நுழைவை அழித்தேன். கிழக்கே, சாலையை ஒட்டி, புதிதாகப் போட்டேன். காலனி வீடுகளை அங்கேயே, ஒன்றை ஒன்று ஒட்டி, முதல் வரிசையில் வைத்தேன்.

பெரியவர் மறுபடி வந்தார். ஒளிக்காமல் சொன்னேன்: “நீங்க கேட்ட மாதிரி அவங்க கிழக்கேங்க. ஊர் நுழையிற வழியும் கிழக்கே மாத்திட்டேன், பஸ் அங்கதானே நிக்கும்.”

“அதான வசதி” என்று தலையாட்டிவிட்டுப் போனார். கிழக்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

வீடுகள் எழும்பி, எல்லோரும் குடிவந்த பிறகு ஒரு நாள் அங்கே போயிருந்தேன். அம்மாவும் சித்தியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் எல்லாம் மிதப்பதுபோல் இருந்தது. பஸ் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். ஊருக்குள் போக எங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நின்று பார்த்தார்.

“ஏம்மா, ஊரு வாசல்லயே வந்து குந்திக்கினீங்களே!”

அம்மா எழுந்திருக்கவில்லை.

“நாங்க அதே கெழக்காலதாங்க இருக்கறோம். ஊருதான் எங்கள பாக்கத் திரும்பிக் குந்திக்கிச்சி.”