கண்டாலா மேகங்கள்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் என் எதிர்வீட்டுக்காரர் ஓர் ஆபீசர். மழைக்காலம் வந்தால் ஞாயிறுதோறும் கண்டாலா மலைக்குப் போய் மேகத்தைப் படம் பிடித்தாக வேண்டும் அவருக்கு. படிய வாரிய தலை, கழுத்தில் தோலுறையோடு தொங்கும் காமிரா. கூடவே மாமியும் போவாள். அவள் பிடிக்கும் ஒரே குடை காமிராவுக்கு; அவள் நனைவாள்.

ஒருநாள் என்னை உட்காரவைத்து ஆல்பத்தை மடியில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் மேகம். எல்லாவற்றையும் இவரே பெற்றுப் போட்டதுபோல ஒரு பெருமை.

“மாமி ஒரு படத்துலயும் இல்லையே, ஸார்?”

“அவ குடை பிடிச்சுண்டு நின்னாளே, படத்துல எப்படி வருவா?” என்றார், முட்டாளைப் பார்ப்பதுபோல. உள்ளே மாமி இருமிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படத்தின் ஓரத்தில் மட்டும் குடைக்கம்பியும், நீர் சொட்டும் வளையல் கையும் விழுந்திருந்தன.

“இது கெட்டுப்போச்சு” என்று உருவிக் கிழித்துப் போட்டார்.

அந்த மனிதர் எடுத்ததில் மழை தெரிந்த படம் அது ஒன்றுதான்.