எட்டு மணி மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. என் கணவரின் தங்கைக்கு வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளை நரிக்குடிப் பக்கம். ஆடுகளை விட்டுவர முடியாமல் ஊரிலேயே இருந்துவிட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்த வீட்டுக்குப் பார்சல் வந்தால்கூட உள்ளே என்ன என்று தெரியாமல் சோறு இறங்காது.

தினமும் இரவு எட்டு மணிக்கு அவள் போனில் அலாரம் அடிக்கும். சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்து அறைக்குள் போய், பவுடர் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போடுவாள். உடனே மாப்பிள்ளைக்குப் போன். "போட்டீகளா? நானும் போட்டுட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. மாசமாக இருப்பவள் போடுகிறாள், சரி. மாப்பிள்ளைக்கு எதற்கு? கேட்டதற்குச் சத்து மாத்திரை என்றாள். அவருக்குமா என்றேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் மண்டை குடைந்தது. ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். ரேஷன் கார்டு வேலை என்று சொல்லிவிட்டுத் திருச்சுழிக்கு பஸ் ஏறினேன்.

மெடிக்கல் கடைக்காரர் மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் போகட்டும் என்று காத்திருந்து மெதுவாகச் சொன்னார்.

"இது என்னன்னு நான் சொல்ல மாட்டேங்க்கா. எடுத்த எடத்துலயே வச்சிருங்க. எண்ணித்தான் குடுப்பாக. ஒருநா கூடத் தப்பக் கூடாது."

வீட்டுக்கு வந்தால், அவள் மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் மிச்சத்தைக் காட்ட வேண்டுமாம். அந்த வயிற்றோடு கட்டிலுக்கு அடியில் வேறு குனிந்து தேடியிருக்கிறாள். பர்ஸைத் திறந்து நீட்டினேன். கூசிப்போனேன்.

அவள் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. மாப்பிள்ளையையும் வரச்சொல்லிப் பார்த்தால் அவருக்கும் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து இருவருக்கும் மாத்திரை. அவள் தவறாமல் போட்டு வந்தால் பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அப்போதும் என் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நின்றது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு நாங்க கேட்டுக்கிறவே இல்ல மதினி. கேட்டா ஆளுக்கொரு பக்கமாப் போயிருவோம். பிள்ளைக்கு வராமப் பாக்கணும், அது போதும்."

மறுநாள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானே துணைக்குப் போனேன். சில வாரங்களில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததுமே அதற்கும் சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒன்றரை வயது வரை ஒவ்வொரு பரிசோதனை அன்றும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசிப் பரிசோதனை முடிந்த அன்று போன் வந்தது. "இல்லையாம் மதினி." எனக்கு அழுகை நிற்கவில்லை. என்ன என்று கேட்ட கணவரிடம், பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டதாம் என்றேன்.

அவளிடம் கேட்டுவிட்டு, ஊரையும் உறவையும் கொஞ்சம் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். பொங்கலுக்கு அவர்கள் வந்து தங்கினால், எட்டு மணிக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவேன், இரண்டு போன்களின் அலாரமும் யார் காதிலும் விழாமலிருக்க. யாரிடமிருந்து யாருக்கு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான், அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.